கொலையைப் பார்த்தவன் கொலைகாரனிடமே போவது ஏன்?

கேள்வி இது: "'ஸ்ட்ரேஞ்சர் பை த லேக்' என்ற பிரெஞ்சுப் படம் பார்த்தேன். ஹீரோ ஒரு கொலையைக் கண்ணால் பார்க்கிறான். அப்புறமும் அந்த ஆளிடமே போய் உறவு வைத்துக்கொள்கிறான், போலீஸ் கேட்டால் பொய் சொல்கிறான். இது திரைக்கதை ஓட்டையா, அல்லது கே கதை என்பதால் லாஜிக்கைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டுவிட்டார்களா? இதே வகையில் பார்க்கத் தகுந்த வேறு உளவியல் த்ரில்லர் உண்டா?"

ஓட்டை கிடையாது. நீங்கள் ஓட்டை என்று நினைக்கும் இடத்தில்தான் படம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. பிராங்க் ஓடிப்போய் போலீஸிடம் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துபோகிற ஒரு குற்றக் கதைதான் மிஞ்சியிருக்கும்.

நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பதால் முடிவு வரை மறைக்காமல் பேசுகிறேன். பார்க்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பின்னால் ஒரு மலையாளப் படத்தின் முடிச்சும் அவிழும். அது வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் நடந்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். ஒரு ஏரிக்கரை, கோடைக்காலம், ஆண்கள் ஆண்களைத் தேடி வரும் இடம். பிராங்க் தினமும் வருகிறான். மீசை வைத்த, நன்றாக நீந்தும் மிஷெலைப் பார்க்கிறான், மனசு போய்விடுகிறது. ஆனால் மிஷெலுக்கு ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். பிராங்க் தோல்வியோடு திரும்புகிறான். அதற்குப் பிறகு ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில், மரங்களுக்கு நடுவே நின்றபடி, மிஷெல் அந்தக் காதலனைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்வதைப் பார்க்கிறான். அதாவது ஆசை முந்தி, கொலை பிந்தி. பிராங்க் ஒரு கொலைகாரன் மேல் ஆசைப்பட்டான் என்று சொன்னால் அபத்தமாகத்தான் இருக்கும். அவன் ஆசைப்பட்டு வைத்திருந்த ஆள் கண்ணெதிரே கொலைகாரன் ஆனான். ஆள் மாறிவிட்டான் என்று தெரிந்ததும் ஆசை உடனே கிளம்பிப் போய்விடுமா?

இன்னும் கொஞ்சம் தோண்டினால் அசிங்கமான ஒன்று தட்டுப்படும். அந்தக் கொலையால் யாருக்கு லாபம்? பிராங்குக்குத்தான். குறுக்கே நின்றவன் போய்விட்டான், மிஷெல் தனியாக இருக்கிறான். படம் இதை ஒரு வசனத்தில்கூடச் சொல்வதில்லை. பிராங்கின் முகத்திலும் காட்டுவதில்லை. ஆனால் இன்ஸ்பெக்டரிடம் அவன் பொய் சொல்லும்போது, காதலனைக் காப்பாற்றுகிறானா, அந்தச் சாவினால் தனக்குக் கிடைத்ததைக் காப்பாற்றுகிறானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த இரண்டாவது கணக்கு என் மண்டையில் ஏறியபோது படம் வேறு படமாகிவிட்டது. முதல் முறை பிராங்க்கை ஏமாளி என்று பார்த்தால், அடுத்த முறை பாதிக் கூட்டாளியாகத் தெரிகிறான்.

இயக்குநர் அலேன் கிரோடி இதை எப்படிக் காட்டியிருக்கிறார் என்பதற்கு அந்தக் கொலைக் காட்சி ஒன்றே போதும். கேமரா மேலே, தூரத்தில், பிராங்க் நிற்கும் இடத்தில் நிற்கிறது. கீழே தண்ணீரில் இரண்டு தலைகள். விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஒருவன் மற்றவனை அமுக்குகிறான், அவன் மேலே வருகிறான், திரும்ப அமுக்குகிறான். எந்த நொடியில் விளையாட்டு முடிந்தது என்று நமக்குத் தெரியாது. குளோசப் கிடையாது, இசை கிடையாது, ஷாட்டை இடையில் வெட்டுவதும் கிடையாது. ஒரு தலை மட்டும் மிஞ்சிய பிறகும் காட்சி நிற்கவில்லை: மிஷெல் நிதானமாக நீந்திக் கரைக்கு வருகிறான், உடை மாட்டிக்கொள்கிறான், போகிறான். நாமும் மரத்துக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கத்தவில்லை, ஓடவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறோம். பிறகு பிராங்க்கைக் குறைசொல்ல நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இல்லையா?

கார் நிறுத்தும் இடத்தையும் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு நாளும் பிராங்கின் கார் வந்து நிற்கும் அதே கோணத்தில்தான் தொடங்கும். கொலைக்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு கார் மட்டும் நகராமல் நிற்கிறது. கரையில் செத்தவனின் துண்டும் உடைமைகளும் அப்படியே கிடக்கின்றன. சுற்றிலும் ஆட்கள் வெயில் காய்கிறார்கள். யாரும் கேட்பதில்லை. சடலத்தைக் காட்டாமல் ஒரு துண்டை வைத்துப் பயமுறுத்துவது பெரிய வித்தை. இன்ஸ்பெக்டர் வந்து இதைத்தான் கேட்கிறார்: பக்கத்தில் கிடந்தவனைக் காணோம் என்று யாருக்குமே உறைக்கவில்லையா, இவ்வளவு சீக்கிரம் எல்லோரும் திரும்பி வந்து எதுவும் நடக்காதது போலப் படுத்திருக்கிறீர்களே என்று. வெளியாள் ஒருவரின் இளக்காரம் அதில் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அந்தக் கரையில் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, எங்கே போனான் என்று விசாரிப்பதில்லை. அடையாளம் தெரிந்தால் வேலை போகும், குடும்பம் போகும், சிறைக்குப் போக வேண்டிவரும் என்றிருந்த காலங்களில் இப்படிப்பட்ட இடங்களில் உருவான பாதுகாப்பு அது. மிஷெலுக்கு அந்தப் பாதுகாப்பே ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது.

மிஷெல் ஒரு விஷயத்தில் கண்டிப்பானவன். பிராங்க் சேர்ந்து சாப்பிடலாம் என்றாலும் இரவு ஒன்றாகத் தங்கலாம் என்றாலும் மாட்டேன் என்கிறான். ஏரியை விட்டு வெளியே அவனுக்கு உருவமே இல்லை. படமும் ஏரி, கரை, காடு, கார் நிறுத்துமிடம் ஆகிய நான்கைத் தாண்டி எங்கேயும் போவதில்லை. பிராங்கின் வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. பின்னணி இசை ஒரு துளி கிடையாது. காற்றும் இலையும் தண்ணீரும்தான். ஒளிப்பதிவாளர் கிளேர் மாத்தோன் இயற்கை வெளிச்சத்தையே நம்பி எடுத்திருக்கிறார், அதனால் பொழுது சாயச்சாய நம் கண்ணுக்கும் உண்மையாகவே தெரியாமல் போகிறது. கடைசி நிமிடங்களில் திரை கிட்டத்தட்ட கறுப்பு. மடிக்கணினியில் பகல் வெளிச்சத்தில் பார்த்திருந்தால் முடிவில் பாதியைத் தவறவிட்டிருப்பீர்கள், இரவில் விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பகுதியை மட்டுமாவது திரும்பப் பாருங்கள்.

முடிவில் இன்ஸ்பெக்டரும், கரையில் பிராங்கோடு பேசிப் பழகிய ஆன்ரியும் கத்திக்கு இரையான பிறகு பிராங்க் இருட்டில் ஒளிந்திருக்கிறான். மிஷெல் அவனைத் தேடுகிறான், பிறகு சத்தம் அடங்குகிறது. தப்பித்துவிட்டான். அப்போது அவனே வாய் திறந்து "மிஷெல்" என்று கூப்பிடுகிறான். உங்கள் கேள்விக்கான பதிலைப் படம் இந்த ஒரு சொல்லில் வைத்திருக்கிறது. ஆபத்து தெரியாமல் போனவன் அல்ல அவன். ஆணுறை பற்றிய பேச்சு படத்தில் வருகிறதே, மிஷெலிடம் அது இல்லாமலே சம்மதிக்கிறான். அதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தெரிந்தே இறங்குவது அவனுடைய சுபாவம்.

ஆன்ரியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கூட்டத்திலிருந்து தள்ளி, சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பருத்த மனிதர். யாரையும் தேடி வரவில்லை. பிராங்கிடம் முதல் நாளே, இந்த ஏரியில் ஐந்து மீட்டர் நீளக் கெளுத்தி மீன் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று பேச்சு கொடுக்கிறார். படத்தில் நமக்குக் கிடைக்கும் முதல் பயம் அந்த மீன்தான். அது கடைசி வரை வருவதே இல்லை. மிஷெல்தான் கொலைகாரன் என்று ஊகித்து, அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, காட்டுக்குள் நடந்து போகிறார் ஆன்ரி. பின்னால் யார் வருவான் என்று தெரிந்தே போகிறார். பிராங்க் ஆசையால் சாவை நெருங்கினால் இவர் தனிமையால் நெருங்குகிறார். படத்தில் என்னை அதிகம் உலுக்கியது இவர்தான்; பிராங்க்–மிஷெல் காட்சிகளின் வெளிப்படைத்தன்மையைப் பற்றியே எல்லோரும் பேசி, இவரைக் கவனிக்காமல் விடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

அந்த வெளிப்படைத்தன்மையால் சர்ச்சையும் வந்தது. 2013 மே மாதம் கான் விழாவில் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசு கிடைத்தது. பிரான்சில் தன்பாலினத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே மாதம்தான். அடுத்த மாதம் படம் வெளியானபோது, இரண்டு ஆண்கள் முத்தமிடும் ஓவியம் போட்ட போஸ்டரை வெர்சாய், சென்-கிளூ ஆகிய இரண்டு நகரங்களில் தெருவிலிருந்து இறக்கினார்கள். ஆண்டு முடிவில் 'கையே து சினிமா' என்ற பிரெஞ்சுத் திரைப்பட இதழ் அந்த ஆண்டின் முதல் படமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

இப்போது "கே கதை என்பதால் லாஜிக்கை விட்டுவிட்டார்களா" என்ற உங்கள் இரண்டாவது சந்தேகம். நேர் எதிராக நடந்திருக்கிறது என்பேன். இந்த வகைப் படங்களில் வெகுகாலமாக லாஜிக்கின் வேலையை 'கே' என்ற ஒற்றைத் தகவலே செய்துவந்தது. ஏன் கொன்றான்? அவன் அப்படிப்பட்டவன். முடிந்தது கதை. கிரோடியின் படத்தில் கரையில் இருக்கும் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள்தான் என்பதால் அது எதையும் விளக்குவதில்லை. கொன்றதற்கும் மறைத்ததற்கும் வேறு காரணம் தேடியாக வேண்டியிருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு அது ஓட்டை போலத் தெரிந்தது.

பழைய வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) போதும். 1924-இல் சிகாகோவில் லியோபோல்ட், லோப் என்ற இரு பணக்கார மாணவர்கள் 14 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொன்ற வழக்கின் நிழலில் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய நாடகம் அதன் மூலம். இரண்டு இளைஞர்கள் நண்பன் ஒருவனைக் கழுத்தை நெரித்துக் கொன்று பெட்டிக்குள் போடுகிறார்கள். அதே பெட்டியின் மேல் விருந்து பரப்பி, செத்தவனின் அப்பாவையே சாப்பிட அழைக்கிறார்கள். இருவரும் காதலர்கள் என்று ஒரு சொல்கூடக் கிடையாது, இருக்கவும் முடியாது. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1934 முதல் கறாராக அமலில் இருந்தன, தன்பாலீர்ப்பைச் சாடையாகக்கூடக் காட்டக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. திரைக்கதை எழுதிய ஆர்தர் லாரன்ட்ஸ், நடித்த ஃபார்லி கிரேஞ்சர் இருவருக்குமே அந்த வாழ்க்கை நேரடியாகத் தெரியும். ஸ்டூடியோவில் எல்லோரும் அந்த விஷயத்தை 'அது' என்றுதான் குறிப்பிட்டார்கள் என்று லாரன்ட்ஸ் பிற்காலத்தில் சொன்னார். ஆனால் கொலை முடிந்ததும் இருவரும் மூச்சு வாங்க நின்று, அந்த நேரத்தில் உனக்கு எப்படி இருந்தது என்று பேசிக்கொள்ளும் காட்சியைப் பாருங்கள். சொல்ல அனுமதி இல்லாதது எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு ஃபிலிம் சுருள் பத்து நிமிடம்தான் ஓடும் என்பதால், யாராவது ஒருவரின் கோட்டு முதுகில் கேமராவை முட்டி வெட்டை மறைத்துக்கொண்டே போகும் அந்த நீண்ட ஷாட்டுகளை மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறார்கள், சரி. எனக்கு அந்தப் பெட்டியும் சொல்லப்படாத அந்த உறவும் ஒன்றாகத் தெரிவதுதான் முக்கியம். இரண்டும் அறையின் நடுவில்தான் இருக்கின்றன. விருந்தாளிகள் அதைச் சுற்றி நின்று சாப்பிடுகிறார்கள்.

பதின்மூன்று ஆண்டு கழித்து இங்கிலாந்தில் வந்த 'விக்டிம்' (1961) கதையைத் தலைகீழாக்கியது. பேசில் டியர்டன் இயக்கம், டர்க் போகார்ட் நடிப்பு. இங்கே தன்பாலீர்ப்பாளர்கள் குற்றவாளிகள் என்று சட்டம் சொல்கிறது; அந்தச் சட்டத்தை வைத்து மிரட்டிப் பணம் பிடுங்குகிறது ஒரு கும்பல். மிரட்டப்பட்ட இளைஞன் ஒருவன் போலீஸ் காவலில் தூக்கு மாட்டிக்கொள்ள, பெயர் பெற்ற வழக்கறிஞரான மெல்வில் ஃபார் தன் தொழிலையும் திருமணத்தையும் பணயம் வைத்து அந்தக் கும்பலைத் தேடுகிறார். அவருடைய கார் ஷெட் கதவில் பெரிய எழுத்தில் பெயிண்டால் அவரைப் பற்றி எழுதிவிட்டுப் போகிறார்கள். மனைவிக்கு அது பதிலே சொல்ல முடியாத கேள்வி ஆகிறது. செத்துப்போன அந்த இளைஞனைப் பார்ப்பதை ஏன் நிறுத்தினாய் என்று அவள் துருவ, அவன் மேல் ஆசை இருந்ததால்தான் நிறுத்தினேன் என்று ஃபார் வெடிக்கும் காட்சி இன்றும் பழசாகவில்லை. 1957-லேயே பிரிட்டிஷ் அரசு அமைத்த வுல்ஃபென்டன் குழு இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லியிருந்தது. இங்கிலாந்தில் அது நடக்க 1967 ஆயிற்று. அமெரிக்கத் தணிக்கை அமைப்பு இந்தப் படத்துக்கு முத்திரை தர மறுத்தது.

கே ஆண்களைக் கொல்பவனைத் தேடும் போலீஸ்காரனாக அல் பசினோ நடித்த 'குரூசிங்' (1980) பற்றியும் பலர் சொல்வார்கள். நியூயார்க்கில் படப்பிடிப்பு நடந்தபோதே கே அமைப்புகள் தெருவில் இறங்கி, ஒலிப்பதிவு செய்ய முடியாதபடி விசிலும் கூச்சலுமாகத் தடுத்தன. படம் அந்தச் சண்டை அளவுக்குச் சுவாரசியமானது இல்லை. ஆர்வம் இருந்தால் பாருங்கள், அவசரமில்லை.

அடுத்தது 'மும்பை போலீஸ்'. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 2013 மே மாதம் வந்த இந்த மலையாளப் படத்தில் பிருத்விராஜ் நடிக்கும் ஆண்டனி மோசஸ், சக அதிகாரியின் கொலையை யார் செய்தது என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று போனில் சொல்லும்போதே விபத்தில் நினைவிழக்கிறான். அதே வழக்கை மறுபடி விசாரிக்கிறான். கொன்றது அவனேதான், தான் தன்பாலீர்ப்பாளன் என்று நண்பனுக்குத் தெரிந்துபோனதால் கொன்றான். அமைப்பாகப் பார்த்தால் அபாரமான யோசனை: துப்பறிபவனும் குற்றவாளியும் ஒரே ஆள், அவனுக்கே அவனைத் தெரியாது. முறுக்கு மீசை, திமிர், அடிதடி என்று நம் சினிமா ஆண்மைக்கு வைத்திருக்கும் எல்லா அடையாளங்களையும் பூசிவிட்டு, கடைசியில் பார்வையாளரின் அனுமானத்தைத்தான் கைது செய்கிறது. ஆனால் முடிச்சின் விடையாகத் தன்பாலீர்ப்பு பயன்படுகிறதே, அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை. 'வேட்டையாடு விளையாடு' (2006) மாதிரி கொலைகாரர்கள் இருவரின் மேல் போகிற போக்கில் ஒரு சாடையை வீசிவிட்டுப் போவதைவிட இது எத்தனையோ மேல் என்பது வேறு விஷயம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தளர்த்தியிருந்த காலத்தில் இந்தப் படம் வந்தது. அதே 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பரில்தான் விடிந்தது. வேடிக்கை என்னவென்றால், சட்டம் மாறி ஏழு ஆண்டு கழித்து அதே இயக்குநர் இந்தியில் 'தேவா' (2025) என்று எடுத்தபோது கொலைக்கான அந்தக் காரணத்தையே மாற்றிவிட்டார்.

இந்தப் படங்களில் எல்லாம் மௌனம் ஒன்று இருக்கிறது, அதை யார் யார்மேல் சுமத்தினார்கள் என்பதில்தான் வித்தியாசம். 'ரோப்'பில் தணிக்கை, 'விக்டிம்'மில் சட்டம், 'மும்பை போலீஸ்'ஸில் காக்கிச் சட்டையும் நண்பர் வட்டமும். ஏரிக்கரையில் பிராங்க்கை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவனே எடுத்துக்கொண்ட மௌனம் அது. அதனால்தான் நால்வரில் அவன்தான் அதிகம் எரிச்சலூட்டுகிறான்.

நீங்கள் கேட்ட 'வேறு படம்' என்றால் இரண்டு சொல்வேன். சமீபத்தியது 'ஃபெம்' (2023). பெண் வேடமிட்டு மேடையில் ஆடும் ஜூல்ஸை பிரஸ்டன் என்பவன் தெருவில் அடித்து அவமானப்படுத்துகிறான். கொஞ்ச காலம் கழித்து ஆண்கள் மட்டும் வரும் நீராவிக் குளியல் விடுதியில் அதே பிரஸ்டனை ஜூல்ஸ் பார்க்கிறான். பிரஸ்டனுக்கு ஜூல்ஸை அடையாளம் தெரியவில்லை. பழிவாங்க நெருங்குகிறவன் நெருக்கத்தில் மாட்டிக்கொள்கிறான். நேதன் ஸ்டுவர்ட்-ஜாரெட், ஜார்ஜ் மக்கே இருவருமே பிரமாதம், குறிப்பாக உடை மாறினால் நடை மாறுவதை ஜாரெட் செய்திருப்பது. ஆரம்ப வன்முறைக் காட்சி கடுமையானது, தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்கு மிக அருகில் நிற்பது 'டாம் அட் த ஃபார்ம்' (2013). கனடாவின் சேவியர் டோலான் இயக்கி நடித்தது, மிஷெல் மார்க் புஷார் எழுதிய நாடகத்திலிருந்து. இறந்துபோன காதலனின் இறுதிச் சடங்குக்கு டாம் கிராமத்துப் பண்ணைக்குப் போகிறான். அங்கே அம்மாவுக்கு மகனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அண்ணன் பிரான்சிஸுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்கிறான், அடிக்கிறான், அதே கையால் தாங்கிப் பிடிக்கிறான், மாட்டுக் கொட்டகையில் டாமோடு டாங்கோ ஆடுகிறான். டாம் கிளம்பிப் போகலாம். போகாமல் பால் கறக்கக் கற்றுக்கொள்கிறான். இங்கே பிராங்க்கைப் போலவே ஒருவன் ஆபத்தின் பக்கத்தில் தங்கிவிடுகிறான், ஆனால் காரணம் காமம் மட்டும் அல்ல. செத்துப்போனவனின் குரலும் வாசமும் அந்த அண்ணனிடம் மிச்சம் இருக்கிறது. வன்முறை முற்றும் ஓரிரு இடங்களில் திரையின் மேலும் கீழும் கறுப்பு நெருங்கி வந்து படச்சட்டம் சிறுத்துப்போகும், உங்கள் டிவியில் கோளாறு என்று நினைத்து ரிமோட்டைத் தேடாதீர்கள். கிரோடி இசையே வேண்டாம் என்றார். இதில் கேப்ரியல் யாரெட்டின் வயலின்கள் பழைய ஹிட்ச்காக் படங்கள் மாதிரி அலறுகின்றன. முதலில் இதைப் பாருங்கள், பிறகு ஏரிக்கரைக்கு இரண்டாவது முறை போங்கள். 'விக்டிம்'மை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், 'ரோப்' எண்பது நிமிடம்தான்.